பொட்டு வைத்த அடுப்பு

எக்ஸ்ரே அக்கா யாரிடம் பேசினாலும் அவர்களுடைய காதைப் பார்த்துத்தான் பேசுவார். வீடு பார்க்கப் போன முதல் நாள், காதில் சோப்பு நுரை ஏதும் ஒட்டியிருக்கிறதோ என்று நான் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டேன். அவர் பார்வை நகரவில்லை. சரி, சிலருக்கு இப்படி ஒரு பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

சிதம்பரம் தெற்கு வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் அவர் வீடு. கீழே அவர் தனியாக இருந்தார். கணவர் காலமாகிப் பல வருஷமாகியிருந்தது. ஒரே மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தார். மாடியில் நானும் என் மனைவி செல்வியும் வாடகைக்கு வந்தோம். கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் சந்து முழுக்க அவருக்கு அந்தப் பெயர்தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

அந்த முதல் நாள் அவர் மிக்சியில் சட்னி அரைத்துக்கொண்டே என்னை விசாரித்தார்.

"இன்னா வேலை தம்பி?"

"கடலூர்ல வீட்டு சாமான் கடைங்க. பிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் விக்கறோம். நான் சேல்ஸ்ல இருக்கேன்."

"இப்ப எல்லாமே டச்சாமே?"

"ஆமாங்கக்கா. லேசா தட்டினா போதும்."

"எங்க தட்டணும்?"

"படம் போட்டிருக்கும்."

"படத்தைப் பாத்துகினே இருந்தா சட்னிய யாரு பாக்கறது?"

இதைச் சொல்லிக்கொண்டே மிக்சியின் திருகை ஒன்றிலிருந்து இரண்டுக்குக் கொண்டுபோனார், மறுபடி ஒன்றுக்குக் கொண்டுவந்தார், நிறுத்தினார். ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் வாயடைத்துப் போனேன். பேச்சை விற்றுப் பிழைக்கிறவனுக்கு அது நல்ல தொடக்கமில்லை.

அவர் கைகளைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும். அவை தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும். மாடிப்படிக்குக் கீழே வரிசையாக இருந்த சுவிட்சுகளில் மோட்டாருக்கு எது, வாசல் விளக்குக்கு எது என்று நாங்கள் அந்த வீட்டில் இருந்த கடைசி வருஷம்வரை தடுமாறினோம். அவர் வாசலில் கீரைக்காரம்மாவோடு வம்பளந்தபடியே கையைப் பின்னால் நீட்டிச் சரியான சுவிட்சைப் போடுவார். டிவி ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, முந்தானைக்குள்ளேயே சேனல் மாற்றுவார். பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் வந்தால் கைநிறைய எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்து சுளை எடுப்பார். அந்நேரம் போன் அடித்தால் எண்ணெய் விரலாலேயே பச்சைப் பட்டனை அமுக்கிப் பேசுவார். அது பழைய பட்டன் போன்தான். மகன் வாங்கிக் கொடுத்த பெரிய போன் பீரோவுக்கு மேலே கிடக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கீழே இறங்கும்.

"இத இழுத்தா எடுக்கணுமாம், இந்தப் பக்கம் தள்ளினா வெக்கணுமாம். போனா இது, பாத்ரூம் கதவா?" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் மகனோடு பேச செல்விதான் போய் இழுத்து விடுவாள். மகனுடைய குரல் மாடிவரை கேட்கும்.

"அம்மா, கேமராவப் பாருங்கம்மா. எங்கயோ பாக்கறீங்க."

"பாத்துகினுதான் இருக்கேன். நீ இளைச்சிட்டியே."

மகன் இளைக்கவில்லை, நன்றாகத் தொப்பை போட்டிருக்கிறார் என்று செல்வி வந்து சிரிப்பாள். அம்மாக்கள் எல்லோரும் சொல்கிற வழக்கமான வசனம் என்று நானும் சிரித்தேன்.

கையைப் பார்க்காமல் வேலை செய்ய எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். எக்ஸ்ரே ரூமில் என்றார். அந்தக் காலத்தில் படம் எடுத்த பிலிமை இருட்டறைக்குக் கொண்டுபோய்த்தான் கழுவ வேண்டும். ஒரு மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் எரியும். அதுவும் பல நாள் எரியாது. கிளிப் எங்கே, தொட்டி எங்கே, எந்தத் தொட்டி முதலில், எது அடுத்தது என்பதெல்லாம் விரலுக்குத்தான் தெரிய வேண்டும்.

"வெளிய வந்தா மெஷின் பக்கம் பாக்க மாட்டேன். கீழ வுழுந்து கை ஒடிஞ்சி வந்திருக்கும் புள்ள. அது என் கையவே பாக்கும், இன்னா பண்ணப் போறாளோன்னு. நான் அது மூஞ்சியப் பாத்து, உங்க வீட்டுல நாய் இருக்குதா, பேரு இன்னான்னு கேப்பேன். பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள எடுத்துடுவேன். கை போயி நிக்கறதுக்கு ஒரு எடம் இருந்தா போதும் தம்பி, கண்ண வேற எதுக்காவது வெச்சிக்கலாம்."

கை போய் நிற்க ஓர் இடம். இது அவர் அடிக்கடி சொல்வது. பஸ்ஸில் கம்பிக்கும் சொல்வார், கோயில் படிக்கட்டுக்கும் சொல்வார்.

ஒருமுறை வாஷிங் மெஷின் வாங்க எங்கள் கடைக்கே வந்துவிட்டார். சிதம்பரத்தில் கடையா இல்லை? நான் இருக்கிறேன் என்பதற்காகக் கடலூர்வரை பஸ் ஏறி வந்திருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. புதிதாக இறங்கிய பெரிய மெஷின் முன்னால் நிறுத்தி, மனப்பாடமாக வைத்திருந்ததை எல்லாம் ஒப்பித்தேன். முகப்பு முழுக்க ஒரே கறுப்புக் கண்ணாடி. தொட்டால் விளக்கு எரியும், பாட்டுப் பாடும். அவர் கண்ணை மூடிக்கொண்டு விரலை அந்தக் கண்ணாடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினார். பிறகு பக்கத்து மெஷினுக்குப் போனார். அதற்கும் அப்படியே செய்தார். எங்கள் மேனேஜர் என்னிடம் வந்து, "அம்மா சாமி கும்புடறாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

கடைசியில் மூலையில் தூசி படிந்து கிடந்த, யாரும் சீந்தாத ஒரு திருகு வைத்த மெஷின் முன்னால் நின்று, திருகைத் திருப்பிப் பார்த்தார். டக் டக்கென்று சத்தம் வந்தது.

"இது போதும். திருப்பினா ஆமான்னு சொல்லுது பாரு."

"அக்கா, அது பழைய மாடல்."

"நானும்தான் பழைய மாடலு. பில்லு போடு."

மேனேஜர் முகம் வாடிவிட்டது. எனக்கு மட்டும் உள்ளுக்குள் குஷி. டச்சை விற்று வயிறு கழுவுகிறவன் நான். ஆனாலும் ஈரக் கையோடு தொட்டால் கேட்காத அடுப்பையும், துடைக்கப்போனால் தானே ஓட ஆரம்பிக்கும் மெஷினையும் பற்றிய புகார்களை முதலில் வாங்கிக்கட்டிக்கொள்கிறவனும் நானே.

வினை அடுப்பு உருவத்தில் வந்தது. பால் பொங்கி வழிந்து கேஸ் அடுப்பு அணைந்துபோனதை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் மகன் பார்த்துவிட்டார். பதறிப்போய் அடுத்த வாரமே வந்து இறங்கினார். சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தார், ஒரு கரண்ட் அடுப்பு வாங்கி வைத்தார். வழுவழுவென்று கண்ணாடி, எல்லாமே டச். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதே என்ற பயம் அவருக்கு. கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

"இதையும் உங்களால பாத்துக்க முடியலன்னா இனிமே நான் ஒத்துக்க மாட்டேம்மா. எங்களோட வந்துடுங்க. வீட்ட லீசுக்கு வுட்டுடலாம்."

அக்கா தன் மகனின் காதைப் பார்த்துத் தலையாட்டினார்.

அன்றிலிருந்து கீழ்வீட்டிலிருந்து பீப் பீப் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. கீழே போன செல்வி, அக்கா அடுப்பை நிறுத்த முடியாமல் சுவரில் இருந்த பெரிய சுவிட்சை அணைப்பதைப் பார்த்தாள். உப்புமா தீய்ந்திருந்தது. "மாவுக் கையோட தொட்டா கேக்க மாட்டேங்குது. பல்லி ஓடினா கேக்குது" என்றாராம். பட்டன் வைத்த கரண்ட் அடுப்பு எங்கள் கடையிலேயே இருந்தது. மாற்றித் தருகிறேன் என்று நானே போய்ச் சொன்னேன். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார்.

"அவன் வாங்கி வெச்சத மாத்தினா ஏன்னு கேப்பான். கேக்க வெக்காத."

இப்படி ஒரு பயத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை. ஓர் அடுப்புக்கு இவ்வளவா என்று எனக்குப் புரியவில்லை.

பிறகு ஒரு நாள் பீப் சத்தம் நின்றது. அதே வாரத்தில் சந்துக்குள் வேறொரு சத்தம் கிளம்பியது. தெருமுனை பேன்சி ஸ்டோரில் எக்ஸ்ரே அக்கா ஸ்டிக்கர் பொட்டு வாங்கிக்கொண்டு போகிறாராம். ஒரு பாக்கெட் இல்லை, வட்டப் பொட்டு, நீளப் பொட்டு, புள்ளிப் பொட்டு என்று ஒவ்வொன்றையும் விரலால் தடவித் தடவிப் பார்த்து வாங்கினாராம். கணவரை இழந்த பெண்மணி, நெற்றியில் திருநீறு தவிர எதுவும் வைக்காதவர். சந்துக்கு இது போதாதா?

"இந்த வயசுல இன்னாத்துக்காம் இது?" என்று எதிர்வீட்டு அம்மா செல்வியிடம் மூச்சு வாங்கக் கேட்டாராம்.

"வெச்சிக்கட்டுமே, உங்களுக்கு இன்னா நஷ்டம்?" என்று செல்வி சண்டைக்கே போய்விட்டாள். ஆனால் அவளுக்கும் குறுகுறுப்பு தாங்கவில்லை. தயிர் கடன் கேட்கிற சாக்கில் கீழே இறங்கினாள். அக்காவின் நெற்றியில் வழக்கம்போல் திருநீறு மட்டும் இருந்தது. பொட்டுகள் இருந்தது அடுப்பில். அடுப்பைப் போடும் இடத்தில் பெரிய வட்டப் பொட்டு, சூட்டை ஏற்றும் இடத்தில் நீளப் பொட்டு, குறைக்கும் இடத்தில் புள்ளிப் பொட்டு. அக்கா செல்வியின் காதைப் பார்த்துக்கொண்டே விரலால் வட்டத்தைத் தேடித் தொட்டார், அடுப்பு எரிந்தது. நீளத்தைத் தொட்டார், சூடு ஏறியது. வெல்வெட் பொட்டு மெல்லியது என்பதால் அதன்மேல் தொட்டாலே கண்ணாடிக்குத் தெரிந்துவிடுகிறது. என் கடையில் எந்தக் கம்பெனிக்காரனும் வந்து சொல்லித் தராத சங்கதி.

"பட்டன் போன்ல அஞ்சாம் நம்பர் மேல ஒரு சின்ன மேடு இருக்குமே, அதப் பாத்துதான் தோணுச்சு" என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

செல்வி தயிரை மறந்துவிட்டு, "அக்கா, உங்களுக்குக் கண்ணு தெரியலயா?" என்று நேராகவே கேட்டுவிட்டாள். நானாக இருந்தால் சுற்றி வளைத்து ஒரு மாதம் ஆக்கியிருப்பேன்.

தெரிகிறது, ஆனால் நடுவில் தெரியவில்லை. அதுதான் பதில். ஓரங்கள் எல்லாம் தெரியும். அதனால் நடக்கலாம், பஸ் ஏறலாம், ஆள் வருவதும் தெரியும். நேராக எதைப் பார்க்கிறாரோ அது மட்டும் மறைந்துவிடும். "பிலிம் காயறதுக்கு முன்னாடி நடுவுல கட்ட விரல் பட்டா ஒரு கறை வுழும். அதுமாதிரி." முகம் தெரிய வேண்டுமென்றால் காதைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் முகம் ஓரத்துக்கு வந்து மங்கலாகவாவது தெரியும். மாதம் ஒருமுறை பாண்டிச்சேரிக்குத் தனியாகப் போய் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலுக்குப் போகிறேன் என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போனதெல்லாம் அங்கேதான். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"இந்த ஊட்டுல எனக்குக் கண்ணே தேவயில்ல பாப்பா. சுவத்துக்கு சுவரு கைக்குத் தெரியும். பெங்களூர்ல அவன் ஊட்டுல கதவுகூட நம்பர் தொட்டாதான் தொறக்குமாம். அங்க கொண்டுபோயி வெச்சான்னா அன்னிக்கிதான் நான் குருடி. அவன்கிட்ட மட்டும் சொல்லிடாத."

செல்வி மேலே வந்து அழுதாள். இத்தனை நாள் என் காதைப் பார்த்துப் பேசியவர் என் முகத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தார் என்று நினைக்க நினைக்க எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தப் பொங்கலுக்கு மகனும் மருமகளும் வந்தார்கள். போகியன்று மருமகள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டையே புரட்டிப்போட்டுக் கழுவினார். பெங்களூர்ப் பெண், ஐ.டி.யில் வேலை, இதெல்லாம் எங்கே செய்யப்போகிறது என்று நினைத்தது என் தப்பு. ஒட்டடை அடித்தார், ஜன்னல் கம்பி ஒவ்வொன்றாகத் துடைத்தார். எல்லா வீட்டிலும் குளியலறைக் கண்ணாடியில் பெண்கள் ஒட்டிவிட்டுப் போகிற பொட்டுகள் இருக்குமே, அவற்றையும் சுரண்டி எடுத்தார். அந்த வேகத்தில்தான் அடுப்பில் இருந்ததையும் எடுத்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. அன்று சமையலையும் மருமகளே பார்த்துக்கொண்டதால் அக்காவுக்கும் தெரியாது.

மறுநாள் வாசலில் விறகு மூட்டிப் பொங்கல் வைத்துப் படைத்து முடித்ததும் எங்களைக் கீழே கூப்பிட்டார்கள். சமையலறை வாசலில் நாங்கள் நால்வரும் நின்று பேசிக்கொண்டிருந்தோம். "காபி நான் போடறேன், யாரும் வராதீங்க" என்று அக்கா பாலைத் தூக்கி அடுப்பில் வைத்தார். என் காதைப் பார்த்தபடி, "கடையில பொங்கல் ஏவாரம் எப்படி தம்பி?" என்று கேட்டார்.

"பரவால்லக்கா. பிரிட்ஜ்தான் ஜாஸ்தி."

விரல் அடுப்புக்குப் போனது. வழுக்கியது. மறுபடி இடது ஓரத்திலிருந்து தொடங்கி வலது ஓரம்வரை மெதுவாக ஊர்ந்தது, திரும்பி வந்தது. "பிரிட்ஜா..." என்று ஏதோ சொல்ல வந்தவர் நிறுத்திவிட்டார். முதல் தடவையாக அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். நேராகப் பார்த்தார், அதனால் ஒன்றுமே தெரிந்திருக்காது. செல்வி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா?" என்றார் மகன். "நவுருங்க, நான் போடறேன். இதுக்குத்தான் நான் தலபாடா அடிச்சிக்கறேன், எங்களோட வந்துடுங்கன்னு."

அக்கா நகரவில்லை. மருமகள் இருந்த திசைக்குத் திரும்பி, "இதுல பொட்டு ஒட்டி வெச்சிருந்தேனே, எடுத்துட்டியாம்மா?" என்றார்.

"ஆமா அத்தை. வேலைக்கு வர்றவுங்க ஒட்டிட்டாங்கன்னு நினைச்சேன். போகியாச்சேன்னு தொடைச்சிட்டேன்."

"நான்தான் ஒட்டினேன். அத வெச்சிதான் எனக்கு எடம் தெரியும்." பிறகு மகனிடம் எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் தெரியாததை, பாண்டிச்சேரியை, டாக்டர் சொன்னதை. யாரோ ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டுவது மாதிரி சொன்னார்.

மகன் முகம் சிவந்துவிட்டது. "என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா கூட்டிகினு போயிடுவ."

தெருவில் ஏதோ ஒரு வீட்டில் குக்கர் கத்தியது. மகன் அந்த அடுப்பின் கண்ணாடியை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க கடையில பட்டன் வெச்ச அடுப்பு கெடைக்குமாங்க?" என்றார். அம்மாவை ஊருக்குக் கூட்டிப்போகிற எண்ணத்தில் இருப்பவர் கேட்கிற கேள்வி இல்லை அது. நான் தலையை ஆட்டினேன்.

அதற்குள் மருமகள் ஒரு காரியம் செய்தார். தன் நெற்றியிலிருந்த பொட்டை உரித்தார். அடுப்பின் மேல் குனிந்து, போடும் இடத்தைப் பார்த்து ஒட்டி, விரலால் அழுத்திவிட்டார். ஒதுங்கி நின்றார்.

அக்காவின் விரல் மறுபடி கண்ணாடியில் ஊர்ந்து வந்தது. ஓர் இடத்தில் நின்றது. அங்கேயே சற்று நேரம் தடவியது.

"நான் கல்லு வெச்ச பொட்டு வாங்கலயே" என்றார். "இது உன்னுதா?"

"ஆமா அத்தை."

அக்கா அழுத்தினார். அடுப்பு எரிந்தது. மருமகளின் காதைப் பார்த்து, அத்தனை அக்கறையாகச் சொன்னார்.

"போயி மொதல்ல வேற ஒண்ணு வெச்சிகினு வா. நல்ல நாளும் அதுவுமா வெறும் நெத்தியோட நிக்காத. அதுக்குள்ள பால் காஞ்சிடும்."